போட் ஏறுறதுக்கு முன்னாடி: தீவு டூர் காசு பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல அந்தமான் பத்தி கொஞ்சம் எழுதியிருந்தேன். அதுக்கு மும்பைல இருந்து வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல காசு பத்தித்தான். எந்த பீச் நல்லா இருக்கும், எங்க சாப்பிடலாம்னு கேட்டவங்க கம்மி. நான் 26 வருஷம் பேங்க் கவுன்ட்டர்ல உக்காந்தவ, அதனால இந்த கேள்விங்க எனக்கு ரொம்ப நெருக்கமானது. அஞ்சு கேள்வி எடுத்திருக்கேன்.

அக்கா, டிசம்பர்ல நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க, மாமியார்னு அஞ்சு பேரா அந்தமான் போறோம். போர்ட் பிளேர்ல ரெண்டு நாள், ஹேவ்லாக் தீவுல மூணு, நீல் தீவுல ஒரு நாள். ஹோட்டல், போட் டிக்கெட் எல்லாம் கட்டியாச்சு. "எல்லா இடத்துலயும் ஜிபே இருக்கு, கேஷை எதுக்கு சுமக்கணும்"ங்கறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பல. எவ்ளோ எடுத்துட்டு போகலாம்?
— ஒரு வாசகி, செம்பூர்

உங்க மனசு சொல்றத கேளுங்கம்மா. அவர் சொல்றதும் முழுசா தப்பில்ல. 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னைல இருந்து கடலுக்கு அடியில 2,300 கிலோமீட்டர் இன்டர்நெட் கேபிள் போட்டு அந்தமானை இணைச்சாங்க, அது ஹேவ்லாக் வரைக்கும் போகுது. அதுக்கு முன்னாடி எல்லாமே சாட்டிலைட்தான், ஒரு போட்டோ அனுப்பவே உயிர் போகும். இப்போ போர்ட் பிளேர் பஜார்ல நம்ம செம்பூர் மாதிரியே காய்கறி கடையில கூட ஸ்கேன் பண்ணலாம். ஆனா கேபிள் தீவுக்கு வந்துட்டா உங்க போனுக்கு சிக்னல் வந்துட்டதா அர்த்தம் இல்ல. ஹேவ்லாக்ல ராதாநகர் பீச் பக்கம் போகப் போக கோடு ஒண்ணு ஒண்ணா குறையுறத நானே பாத்திருக்கேன், மழை வந்தா, கரென்ட் போனா இன்னும் மோசம்.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் எங்க வீட்டுக்காரரும் நீல் போயிருந்தோம். காலையில எட்டு மணி இருக்கும், பரத்பூர் பீச்ல ரெண்டு இளநி வெட்டச் சொல்லி குடிச்சாச்சு. போனை நீட்டினா வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. இவர் போன், என் போன், ரெண்டும் ஒரே கம்பெனி சிம், ரெண்டும் அதே கதை. கையில இருந்தது ஒரே ஒரு 500 ரூபா நோட்டு. அந்த இளநிக்காரர் அதை வாங்கி திருப்பிப் பாத்துட்டு "இன்னும் போணியே ஆகல அக்கா, சில்லறைக்கு எங்க போவேன்"னு திருப்பிக் குடுத்துட்டார், நல்ல தமிழ்ல. அங்க ரெண்டு மூணு தலைமுறையா இருக்குற தமிழ்க்காரங்க நிறைய. "நாளைக்கு குடுங்க"ன்னார். எங்களுக்கு அன்னிக்கு மத்தியானமே போட், ஒருத்தர் உழைப்பை கடன்ல குடிச்சிட்டு ஊருக்கு வர்றதான்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. ஆனா மத்தியானம் கடல் சரியில்லைன்னு போட்டை நிறுத்திட்டாங்க, அடுத்த நாளும் போட் இல்ல, அதனால அவருக்கு மறுநாள் நேர்ல போய் குடுக்க முடிஞ்சுது.

இப்போ காசு கணக்கை பாருங்க. போட் டிக்கெட் காசு திரும்ப வரும், ஆனா கையில வராது, கார்டுக்குத்தான் போகும், அதுக்கு ஒரு வாரம். போர்ட் பிளேர்ல கட்டி வச்ச ரூம் காசு போனது போனதுதான். நீல்ல கூட ரெண்டு நாள் ரூம் வாடகை, சாப்பாடு புதுசா வேணும். ஆக ஒரே நாள்ல ஒரே செலவுக்கு மூணு இடத்துல காசு மாட்டிக்குது, பேங்க்ல பேலன்ஸ் இருந்தும், ரூம்ல வச்சிருந்ததையும் சேத்து கையில ஆயிரத்து நானூறு ரூபாதான். லாட்ஜ்காரர் நல்ல மனுஷர், ராத்திரி பதினோரு மணிக்கு வராண்டா ஓரத்துல நின்னா சிக்னல் வரும்னு சொல்லி அங்க நிக்க வச்சு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கிட்டார். எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு நம்பி குழந்தைங்களையும் மாமியாரையும் கூட்டிட்டு போக முடியாது இல்லையா.

அதனால உங்களுக்கு என் கணக்கு 20,000 ரூபா கேஷ். ஒரே பர்ஸ்ல வேண்டாம். 8,000 தினசரி செலவுக்கு, அதுல ஒரு 3,000 மட்டும் நூறு, அம்பது, இருபது நோட்டா இருக்கணும், இதுதான் முக்கியம், கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்க பிராஞ்ச் கவுன்ட்டர்ல கேட்டா குடுப்பாங்க, ஏடிஎம்ல அம்பது, இருபது பொதுவா வராது. 4,000 மாமியார் கைப்பையில. மிச்சம் 8,000 ஒரு கவர்ல போட்டு ஒட்டி, மேல "போட் நின்னா"ன்னு எழுதி பெட்டி அடியில வச்சிடுங்க. அதை ஸ்கூபாவுக்கோ ஷாப்பிங்குக்கோ எடுக்கக் கூடாது, போட் நிக்கலைன்னா அப்படியே கொண்டு வந்து பேங்க்ல கட்டிடுங்க. ஹேவ்லாக் மார்க்கெட்ல ஏடிஎம் இருக்கு, ஆனா டிசம்பர் கடைசி வாரம் கூட்டத்துல அதுல பணம் இருக்கும்னு நம்பி போகாதீங்க, குறைஞ்சா போர்ட் பிளேர்லயே எடுத்துட்டு போட் ஏறுங்க.

ஜிபேயை விடவும் வேண்டாம். உங்க போன்ல ஒரு கம்பெனி சிம், அவர் போன்ல வேற கம்பெனி, ரெண்டுலயும் வேற வேற பேங்க் அக்கவுன்ட். ஜிபேக்குள்ளயே சின்ன பர்ஸ் மாதிரி இருக்குற யுபிஐ லைட்ல 5,000 வரைக்கும் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் இல்லாம போகும், பேங்க் சர்வர் திணறும்போது இது கை குடுக்கும். இன்டர்நெட்டே இல்ல, கால் மட்டும் போகுதுன்னா ஸ்டார் 99 ஹேஷ் (*99#) டயல் பண்ணி 5,000 வரைக்கும் அனுப்பலாம், அதை இங்க வீட்டுலயே ஒரு தடவை அஞ்சு ரூபா அனுப்பி பழகிட்டு போங்க. இன்னொண்ணு, இப்போ போன்தான் பர்ஸ், அது கடல்ல விழுந்தா பர்ஸே விழுந்த மாதிரி, அதனால டெபிட் கார்டு ஒண்ணு ரூம்லயே இருக்கட்டும்.

பேரை பாத்து குழம்பிடாதீங்க. ஹேவ்லாக் 2018-லயே ஸ்வராஜ் தீப் ஆயிடுச்சு, நீல் ஷஹீத் தீப், போர்ட் பிளேர் 2024-ல ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்ல இந்த பேர் இருந்தா தப்பான ஊருக்கு போட்டுட்டாங்கன்னு பயப்பட வேண்டாம்.

மேடம், எனக்கு கல்யாணம் முடிஞ்சு ஹனிமூனுக்கு மாலத்தீவு போறோம். ரெண்டு நாள் மாஃபுஷில கெஸ்ட் ஹவுஸ், நாலு நாள் ரிசார்ட். டாலரா, அந்த ஊர் ரூஃபியாவா, முன்னாடியே டாலர் ஏத்தி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டா, கிரெடிட் கார்டா? ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பட்ஜெட்டும் டைட்.
— ஒரு வாசகர், மாட்டுங்கா

முதல்ல வாழ்த்துக்கள் தம்பி. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னா எல்லாரும் பாதி பாதி சரியா சொல்றாங்கன்னுதான் அர்த்தம், ஏன்னா நீங்க போறது ரெண்டு வேற உலகம். மாஃபுஷி ஜனங்க வாழுற தீவு, அங்க சின்ன கடை, காபிக்கடை, எல்லாத்துலயும் ரூஃபியா ஓடும். ரிசார்ட் தனித்தீவு, அங்க எல்லாம் டாலர் கணக்கு, ரூம் பேர்ல எழுதிட்டு கடைசி நாள் மொத்தமா பில் வரும்.

ரூஃபியாவை இங்க மும்பைல தேடி அலையாதீங்க. டாலருக்கு 15.42 ரூஃபியான்னு கட்டி வச்சிருக்காங்க, அதுக்கு பக்கத்துலயேதான் மாத்துவாங்க. டாலர் நோட்டா ஒரு 300 எடுத்துக்கோங்க, அதுல ஒரு, அஞ்சு, பத்து டாலர் நோட்டு நிறைய கேட்டு வாங்குங்க. நூறு டாலர் நோட்டை மாஃபுஷி கடையில நீட்டினா மிச்சம் ரூஃபியாவாத்தான் வரும். அந்த ரூஃபியாவை வெளிநாட்டுல யாரும் வாங்க மாட்டாங்க, ஏர்போர்ட்ல விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே தீத்துடணும். வெள்ளி, சனி அங்க லீவு நாள், பேங்க் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை அரசாங்க ஃபெர்ரியும் பொதுவா ஓடாது, அதனால நீங்க எந்த கிழமை இறங்குறீங்கன்னு காலண்டர்ல பாத்துக்கோங்க.

இப்போ ரிசார்ட் பில். இதுலதான் புதுசா கல்யாணம் ஆன பசங்க நிறைய பேர் முகம் வாடி திரும்பி வர்றாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். மெனு கார்டுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருக்கும். ஒரு ப்ளஸ் சர்வீஸ் சார்ஜ், வழக்கமா 10 சதவீதம். இன்னொண்ணு டூரிசம் ஜிஎஸ்டி, 2025 ஜூலைல இருந்து 17 சதவீதம், அது சர்வீஸ் சார்ஜையும் சேத்து அதுக்கு மேல போடுவாங்க. நூறு டாலர் டின்னர்னு நினைச்சு உக்காந்தா 110 ஆகி, அதுக்கு மேல 18.70, ஆக 128.70. இதுக்கு மேல கிரீன் டாக்ஸ்னு ஒரு வரி, ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், அம்பது ரூமுக்கு கம்மியான கெஸ்ட் ஹவுஸ்ல 6 டாலர். உங்களுக்கு ரிசார்ட் நாலு ராத்திரிக்கு 96, மாஃபுஷி ரெண்டு ராத்திரிக்கு 24, மொத்தம் 120 டாலர். பேக்கேஜ்ல இது சேர்ந்திருக்கான்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க, வாய்ல சொன்னா கணக்குல வராது. ரிசார்ட்டுக்கு போற போட் அல்லது சீப்ளேன் (தண்ணி மேல இறங்குற சின்ன விமானம்) காசும் அதே மாதிரிதான். சீப்ளேன் பகல்ல மட்டும்தான் பறக்கும், சாயங்காலம் லேட்டா இறங்குற டிக்கெட்டை ரெண்டாயிரம் கம்மின்னு புக் பண்ணினா ஒரு ராத்திரி ரூம் காசு தண்டமா போகும்.

கார்டு விஷயம். ரிசார்ட்ல செக்-இன் பண்ணும்போது ஒரு தொகையை பிளாக் பண்ணலாம், அதாவது டெபாசிட் மாதிரி பிடிச்சு வைக்கலாம், அதுக்கு ஃபாரெக்ஸ் கார்டை குடுக்காதீங்க, அதுல நீங்க போட்ட டாலரே மாட்டிக்கும், விடுவிக்க நாளாகும். பிளாக்குக்கு கிரெடிட் கார்டு, கடைசி பில்லுக்கு ஃபாரெக்ஸ் கார்டு. ஏன்னா நிறைய கிரெடிட் கார்டுல வெளிநாட்டு செலவுக்கு மூன்றரை சதவீதம் வரைக்கும் மார்க்கப்னு கூடுதல் சார்ஜ் இருக்கு, அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்ச ரூபா பில்லுக்கு 4,130 ரூபா, இது உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நல்ல சாப்பாடு. மெஷின்ல "ரூபாயா, டாலரா"ன்னு கேட்டா கண்ணை மூடிட்டு டாலரை அமுக்குங்க. ரூபாய்னு அமுக்கினா அவங்க வச்ச ரேட்டுதான், அது எப்பவும் நமக்கு நஷ்டம்.

கிளம்புறதுக்கு முன்னாடி கார்டு ஆப்ல போய் இன்டர்நேஷனல் சுவிட்சை ஆன் பண்ணுங்க. 2020-ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி புது கார்டுல அது ஆஃப்லதான் வரும், நாமளேதான் திறக்கணும். ஓடிபி வர்ற சிம்முக்கு ரோமிங்கும் இருக்கணும். நடுக்கடல் தீவுல நின்னு கஸ்டமர் கேருக்கு போன் போட்டு மியூசிக் கேட்டுட்டு இருக்குற ஹனிமூன் உங்களுக்கு வேண்டாம். டாலர் வாங்க பேன் கார்டு, பாஸ்போர்ட், டிக்கெட் வேணும். 50,000 ரூபாய்க்கு மேல போனா கேஷா குடுத்து வாங்க முடியாது, அக்கவுன்ட்ல இருந்துதான் போகணும்.

போன மாசம் 4-ம் தேதி ஒரு தீவுல ஏடிஎம்ல 10,000 எடுக்கப் பாத்தேன், கரென்ட் போச்சு, பணம் வரல, அக்கவுன்ட்ல கழிஞ்சிடுச்சு. மறுநாள் காலைல போட், அங்க யாரையும் பாக்க முடியல. ஊருக்கு வந்து என் பேங்க்ல எழுதிக் குடுத்து 28-ம் தேதிதான் பணம் திரும்பி வந்துச்சு. கம்ப்ளைன்ட் முடிஞ்சதுன்னு மெசேஜ் வந்துடுச்சு. அவ்ளோதானா?
— ஒரு வாசகர், டோம்பிவிலி

அவ்ளோதான் இல்ல சார். உங்களுக்கு இன்னும் 1,900 ரூபா வரணும்.

2019 செப்டம்பர் 20-ம் தேதி ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு. ஏடிஎம்ல பணம் வராம கணக்குல கழிஞ்சா, அந்த நாள்ல இருந்து அஞ்சு நாளுக்குள்ள பேங்க் தானாவே திருப்பிப் போடணும். தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நஷ்ட ஈடு, அதையும் நாம கேக்காமலே போடணும்னு இருக்கு. உங்களுக்கு 9-ம் தேதிக்குள்ள வந்திருக்கணும், வந்தது 28. பத்தொம்பது நாள் லேட்.

கவுன்ட்டர்ல இருந்தவங்கறதால சொல்றேன், பணம் திரும்பினதும் ஜனங்க "அப்பாடா"ன்னு போயிடறாங்க, அந்த நூறு ரூபாயை கேக்குறவங்க ரொம்ப கம்மி. கேளுங்க. கார்டு குடுத்த உங்க பேங்குக்கே தேதி, ஏடிஎம் ஐடி, தொகை போட்டு ஒரு மெயில் அனுப்புங்க, யாரோட ஏடிஎம்மா இருந்தாலும் புகார் உங்க பேங்க்லதான். 30 நாள்ல பதில் இல்லைன்னா, இல்ல பதில் சரியில்லைன்னா, பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், ஃபீஸ் கிடையாது, விவரம் கேக்க 14448-க்கு போன் பண்ணலாம். இனிமே இப்படி ஆனா அந்த மெஷின் முன்னாடியே நின்னு ஸ்க்ரீனையும், மேல ஒட்டியிருக்குற ஏடிஎம் நம்பரையும் ஒரு போட்டோ எடுத்துடுங்க. ஸ்லிப் வராத இடத்துல அந்த போட்டோதான் சாட்சி. புகாரை அந்த தீவுல குடுக்கணும்னு இல்ல, சிக்னல் வந்த உடனே ஆப்லயே குடுக்கலாம், அதுக்காக போட்டை தவற விட வேண்டாம்.

கொச்சில இருந்து கப்பல்ல லட்சத்தீவு, அஞ்சு நாள் பேக்கேஜ், நானும் அக்காவும். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியாச்சு. கையில எவ்ளோ வேணும்?
— ஒரு வாசகி, நெருல்

ரொம்ப சந்தோஷம் மா, நல்ல இடம். கப்பல் பேக்கேஜ்ல தங்குறது, சாப்பாடு, தீவுக்கு போட், பர்மிட் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அதனால ஆளுக்கு 5,000 போதும். கொச்சில இருந்து கடலடி இன்டர்நெட் கேபிள் 2024 ஜனவரில திறந்துட்டாங்க, ஆனா நடுக்கடல்ல கப்பல்ல போனுக்கு சிக்னல் இருக்காது, கப்பல் கேன்டீன்ல டீ வாங்கணும்னா சில்லறை வேணும். மருந்து பத்து நாளைக்கு எடுத்துக்கோங்க, அங்க போய் வாங்கிக்கலாம்னு விடாதீங்க. தேங்காய் வெல்லம் நல்லா இருக்கும், அதுக்கு தாராளமா செலவு பண்ணலாம். பவளம் யாராவது குடுத்தாலும், கரையில கிடந்தாலும் எடுக்காதீங்க, அது சட்டப்படி குற்றம், அந்த வயசுல போலீஸ் விசாரணை யாருக்கு வேணும்.

நாங்க ஆறு ஃப்ரெண்ட்ஸ் தாய்லாந்து தீவுங்களுக்கு போறோம். பொதுச் செலவுக்கு ஒருத்தன்கிட்ட மொத்தமா குடுத்துடலாமா, இல்ல ஆளாளுக்கு ஏடிஎம்ல எடுத்துக்கலாமா அக்கா?
— ஒரு வாசகர், தாராவி

ஆளாளுக்கு எடுக்காதீங்கப்பா. அங்க வெளிநாட்டு கார்டுக்கு ஒரு தடவை எடுக்க 220 பாட் (அந்த ஊர் காசு) அளவுல சார்ஜ், நீங்க ஆயிரம் பாட் எடுத்தாலும் அதேதான், பத்தாயிரம் எடுத்தாலும் அதேதான். நம்ம காசுல ஐநூறு ரூபாய்க்கு மேல, அதுக்கு மேல நம்ம பேங்க் சார்ஜ் வேற. ஆறு பேர் தனித்தனியா எடுத்தா மூவாயிரம் ரூபா காத்துல போச்சு. ஒருத்தன் கார்டுல மொத்தமா எடுத்து பிரிச்சுக்கோங்க, அடுத்த தடவை அடுத்தவன்.

பொதுச் செலவு கணக்கு ஒருத்தன், பணம் இன்னொருத்தன். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா மூணாவது நாள் சண்டை வரும், சின்ன வயசு நட்பு நூறு பாட்ல உடைஞ்சதை நான் பாத்திருக்கேன். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காரும்போது அன்னிக்கு கணக்கை சத்தமா படிச்சு முடிச்சுடுங்க. அந்த பொதுப் பணத்துல ஆறு பேரும் திரும்பி வர போட் காசை முதல் நாளே எடுத்து தனியா ஒருத்தன் பெல்ட் பையில வைங்க, நீந்தப் போகும்போது அவன் கரையில உக்காரட்டும், மறுநாள் வேற ஒருத்தன்.